தேடாதவர்களுக்கு மட்டும்

சண்டை முடிந்துவிட்டதாக வானொலி சொன்ன வருஷத்தில், அதை முதலில் நம்பியவர்கள் புடவை வியாபாரிகள்தான். ஓட்டமாவடி முனாப் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் புடவைப் பொட்டணியை ஏற்றி, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பனிச்சங்கேணி தாண்டி வாகரைப் பக்கம் வந்தார். வழியெல்லாம் பெயர்ப்பலகைகள். இந்த வீடு இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு, இந்தக் கிணறு இன்ன சபையின் அன்பளிப்பு. சில இடங்களில் பலகை மட்டும் நின்றது. அன்பளிப்பு இடம்பெயர்ந்திருந்தது.

பகல் சாயத் தொடங்கிய நேரம். காற்று செத்துக் கிடந்தது. இடப்பக்கம் வாவி, தகரத் தகடுபோல் அசையாமல் மின்னியது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு பெடியன் நின்றான். நீலச் சேட்டு, அரைக் காற்சட்டை.

"தம்பி, எந்தப் பக்கம் போனா வீடு வாசல் இரிக்கி?"

பெடியன் கையை நீட்டிக் காட்டினான். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலையும் ஈரம், சேட்டும் ஈரம். இந்த வெயிலில் குளித்துவிட்டு நிற்கிறவன் புத்திசாலி என்று முனாப் நினைத்துக்கொண்டார்.

அவன் காட்டிய பாதை ஒரு வீட்டில் முடிந்தது. பழைய வீட்டின் ஒரு சுவர் மட்டும் மிச்சம். அதில் சாய்த்து ஒரு தகரக் கொட்டில். வாசலில் குந்தியிருந்து ஒரு பெண் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் புஸ்பம் என்று பிறகு தெரிந்தது.

"சீலை எடுக்க நம்மட்ட வசதி இல்ல காக்கா." முஸ்லிம் வியாபாரிகளை அந்தப் பக்கத்தில் அண்ணன் முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பாக்கிறதுக்கு என்னத்துக்கு வசதி அக்கா? பாருங்க. இவ்வளவு தூரம் உங்கட மகன் வழி காட்டி அனுப்பினாரு, சும்மா திரும்பி போகேலுமா?"

சுளகு நின்றது.

"எந்த மகன்?"

"நீலச் சேட்டு. உங்கட மூக்கை வெட்டி ஒட்டினாப்போல இரிக்கி. இந்தா, எனக்கு முதல் வந்து சேந்துட்டாரே."

புஸ்பம் அசையவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"இப்ப எங்க நிக்கிறான்?"

"உங்களுக்குப் பின்னாலதான். அந்தச் சுவரைப் பிடிச்சிக்கிட்டு."

அவள் மெல்லத் திரும்பினாள். சுவரைப் பார்த்தாள். அதன் அடியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். அவளுடைய பார்வை பெடியனின் முகத்தின் மேலால், மேசையைத் துடைக்கிற துணிபோல் போய் வந்தது.

பெடியன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல," என்றாள்.

முனாப்புக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, வெயில் பட்ட அந்தச் சுவரில் அவளுடைய நிழல் கிடப்பதையும், அதற்குப் பக்கத்தில் வேறு நிழல் இல்லாததையும் கண்டார். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

அவள் அவரை உட்காரச் சொன்னாள். அரிசியைப் புடைத்தபடியே கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

அவள் புருஷன் கதிர்காமத்தம்பி வாவியில் மீன் பிடித்தவர். அவரிடம் தகப்பன் வழி வந்த ஒரு கருங்காலித் துடுப்பு இருந்தது. துடுப்பின் அகன்ற பக்கத்தை வாவிக்குள் அமிழ்த்தி, பிடியில் காதை வைத்தால் தண்ணீருக்கடியில் மீன் பாடுவது கேட்கும். அது இந்தக் கரையில் எந்தத் துடுப்புக்கும் உள்ள குணம்தான். இந்தத் துடுப்பு கூடுதலாக ஒன்று செய்யும். பாட்டுக் கேட்கும்போது வாயைப் பிடியில் வைத்து ஒன்றைக் கேட்டால், தரும். ஒரு ஆளுக்கு வாழ்நாளில் ஒருதரம்.

கதிர்காமத்தம்பி, தன் வலை ஒருநாளும் வெறுமையாக வரக்கூடாது என்று கேட்டார். வரவில்லை. மீன் படாத மாதத்திலும் வரவில்லை. பிறகு சண்டையில் செத்தவர்களை வாவியில் போடத் தொடங்கிய காலம் வந்தது. அப்போதும் அவர் வலை வெறுமையாக வரவில்லை. ஒரு காலை, வலையில் வந்ததைக் கரையில் நின்ற இரண்டு பேர் கண்டார்கள். ஊருக்கு அது போதும். அன்றோடு அவர் வலையையும் துடுப்பையும் கூரைக்குள் செருகிவிட்டு வயல் கூலிக்குப் போனார்.

"இது கேட்டதத் தரும், புஸ்பம்," என்றார் ஒருநாள். "கேட்டத மட்டும்தான் தரும். நாம என்ன நினைச்சம் எண்டு அதுக்குத் தெரியாது."

அடுத்த மாரியில் பாம்பு கடித்துச் செத்தார்.

சுனாமி வந்த அந்த வருஷம், அது வருவதற்கு முதல், போராளி இயக்கம் இரண்டாக உடைந்தது. சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கை இரண்டு தரப்பும் தனித்தனியாகப் போட்டன. புஸ்பத்திடம் இருந்தது மொத்தமே ஒன்று. பெயர் நிதுர்ஷன், பள்ளிக்கூடம் போகிற வயது. அவள் கூரையிலிருந்து துடுப்பை இறக்கினாள். வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பாட்டு வரும்வரை காத்திருந்து, கேட்டாள்.

*தேடி வாற ஆருக்கும் என்ர மகன் கிடைக்கக் கூடாது.*

தேடி வந்தார்கள். நிதுர்ஷன் வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். ஓட நேரமில்லை. வந்தவர்கள் அறைக்குள் பார்த்தார்கள், கிணற்றுக்குள் பார்த்தார்கள், நெல்லு மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். ஒருவன் குனிந்து, நிதுர்ஷனின் முழங்காலடியிலிருந்த தட்டிலிருந்து ஒரு கிள்ளுத் தேங்காய்ப்பூ எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மகன் வந்தா சொல்லுங்க அம்மா," என்றான்.

மற்றத் தரப்பும் வந்தது. அவர்களுக்கும் கிடைக்கவில்லை. பிரம்போடு தேடிய கணக்கு வாத்தியாருக்கும் கிடைக்கவில்லை. நிதுர்ஷனுக்கு அதற்குமேல் சந்தோஷம் இருக்க முடியாது. "நான் பேய் அம்மா, பேய்," என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மார்கழியில் ஒரு பின்னேரம் அவனைக் காணவில்லையென்று அவள் வாவிக்கரை முழுக்கத் தேடி அலைந்தாள். களைத்து வீட்டுக்கு வந்து குந்தியபோது பக்கத்தில் நின்றான்.

"எங்கடா போனாய்?"

"உங்களுக்குப் பின்னாலதானே வந்தன். கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்தன். நீங்க திரும்பவே இல்ல."

காற்றில் கேட்கவில்லையாக்கும் என்று அவள் நினைத்தாள். அந்தக் கிழமை காற்றே இல்லை.

இந்த இடத்தில் முனாப் எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. சுவரடியில் நின்றவன் இப்போது தாயின் காலடியில் குந்தியிருந்தான்.

"அவன் சுனாமி அண்டு விடியக்குள்ள கரைவலை இழுக்கப் போனவன்," என்றாள் புஸ்பம். "கடல் வந்திட்டு எண்டு கத்தினாங்க. நான் அவனத் தேடி ஓடினன். நான் செத்தும் போகல்ல. மறுகா முகாமில வெச்சு சுலோஜனா சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் தன்ர பிள்ளையளத் தூக்கிக்கொண்டு மதில்ல ஏறி நிண்டவள்."

"என்ன சொன்னா?"

"உன்ர மகன் பனையக் கட்டிப் பிடிச்சிக்கொண்டு உன்னத்தான் கூப்பிட்டான் எண்டாள். நீ அந்தப் பனைக்குக் கீழாலதான் ஓடினாய், நிண்டு மேல பாத்தாய், பாத்திட்டுப் போயிட்டாய் எண்டாள்."

அவள் அரிசியில் ஒரு கல்லைக் கண்டு எடுத்து எறிந்தாள்.

"அதுக்குப் பிறகுதானாம் ரெண்டாவது அலை வந்தது."

வாவிப் பக்கமிருந்து உப்பும் சேறும் அழுகிய பாசியும் கலந்த வாடை வந்தது. அவன் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தான்.

ஊரே கூடித் தேடியது. ஆகையால் ஊருக்கே அவன் இல்லை. பிணங்களை வரிசையாகப் போட்டிருந்த இடத்திலும் இல்லை. பிறகு சண்டை திரும்ப வந்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது, எல்லாம் போன இடத்தில் ஒரு சுவரும், அந்தச் சுவரடியில் சேற்றில் செங்குத்தாக நின்ற துடுப்பும் மிச்சம். காணி அளக்க வந்த ஒருவர் "மகன் ஏன் அம்மா நனைஞ்சுபோய் நிக்கிறார்?" என்று கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்த ஒரு ஆமிக்காரன், மகனுக்கும் கொடு என்று சைகை காட்டினான். தேடாதவர்களுக்கெல்லாம் தெரிந்தான்.

"தேடாம இருந்து பாக்கேலாதா?" என்றார் முனாப்.

"நீங்க இருப்பீங்களா காக்கா?"

அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

அவள் துடுப்பை எடுத்து வந்தாள். அவளுடைய ஒருதரம் முடிந்துவிட்டது. ஊரில் ஒருத்தரும் அதைத் தொடமாட்டார்கள். முனாப் கேட்டுத் தரவேண்டும். கேட்க வேண்டியதை அவள் இத்தனை வருஷமாகச் செதுக்கி வைத்திருந்தாள். ஒரு நொத்தாரிசும் அவ்வளவு கவனமாகக் காணி உறுதிப் பத்திரம் எழுதியிருக்கமாட்டார்.

"புஸ்பம் மகனைத் தேடுறத விடோணும். விட்டாலும் மறக்கக் கூடாது. அவன் அவளுக்குத் தெரியோணும், அவள் அவனைத் தன்ர மகனெண்டு அறியோணும். இவ்வளவும் சொல்லோணும் காக்கா. ஒண்டும் விடப்படாது."

"அக்கா, நாங்க அல்லாஹ்விட்ட மட்டும்தான் கேக்கிற. தடியிட்டயும் தண்ணியிட்டயும் கேட்டா எங்களுக்கு அது பெரிய பாவம்."

"தெரியும் காக்கா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் போயிருப்பார்.

வாவி முழங்காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. கண்டல் வேர்களுக்கிடையில் துடுப்பை அமிழ்த்தி, முனாப் பிடியில் காதை வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய ரீங்காரம், தூரத்தில் ஆரோ கம்பியை மீட்டுவதுபோல. இன்னும் கவனித்தபோது அது கம்பியுமல்ல, மீனுமல்ல என்று பட்டது. நிறையக் குரல்கள், ஒவ்வொன்றும் ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவர் வாயைப் பிடிக்குக் கொண்டுபோனார்.

கேட்பதுதானே பாவம், சும்மா ஒரு பேச்சாகச் சொன்னால் பாவமில்லை என்று அவர் மனசுக்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தெரியவேண்டும், அறியவேண்டும் என்பதெல்லாம் கேட்கிற பேச்சு. அதையெல்லாம் கழித்தார். மிச்சத்தை வாய்க்குள் முணுமுணுத்தார்.

"இவ தேடுறத விட்டுரட்டும்."

ரீங்காரம் நின்றது.

வாவியில் ஒரு மீன்கூடத் துள்ளவில்லை.

கரையில் நின்ற புஸ்பத்தின் தோள்கள் இறங்கின, தண்ணீர்க்குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தவளைப்போல. நெற்றிச் சுருக்கம் போயிற்று. அவளுக்கு இவ்வளவு இளமையான முகம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அது ஆர்ர துடுப்பு காக்கா?" என்றாள்.

முனாப்பின் கையிலிருந்து துடுப்பு நழுவியது.

அவள் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் நிதுர்ஷன் நின்றான். இந்தத் தடவை அவள் கண் அவன் மேல் நின்றது.

"ஆர் மனே நீ? இதென்ன இப்பிடித் தெப்பமா நனைஞ்சிருக்காய்?"

பெடியன் வாய் திறந்தான். முனாப் அப்போதுதான் அவன் குரலைக் கேட்டார். கரகரத்த, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்துபோன குரல்.

"அம்மா."

அவள் சிரித்தாள். சீலைத் தலைப்பை இழுத்து அவன் தலையைத் துவட்டினாள், காது மடல், பிடரி எல்லாம். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"அம்மா தேடுவா மனே," என்றாள். "சுறுக்கா வீட்ட போ."

"அக்கா," முனாப் தண்ணீரை உழக்கிக்கொண்டு கரையேறினார். "அக்கா, இவருதான் உங்கட மகன்."

"எனக்கெங்க காக்கா பிள்ளையள்?" அவள் ஈரத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கொட்டிலுக்கு நடந்தாள். "ஆர் பெத்ததோ, பாவம். தேடி வர ஆளில்ல போல."

முனாப் பொட்டணியை அவிழ்க்காமலே கிளம்பினார். விற்காமல் திரும்புகிறோமே என்ற கவலை வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பாதை பிரிகிற இடத்தில் ஆரும் நிற்கவில்லை. அதில் ஆறுதல்பட ஒன்றுமில்லை என்று ஏனோ தோன்றியது. வண்டி வரும்போது இருந்ததைவிடப் பாரமாக ஓடியது. பள்ளங்களில் பின் சில்லு மட்கார்டில் உரசியது.

பனிச்சங்கேணிச் சாவடியில் ஆமிக்காரன் கை காட்டினான். முனாப் அடையாள அட்டையை நீட்டினார். அவன் அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு அவரைத் தாண்டிப் பொட்டணிக்கு மேலே பார்த்தான்.

"பின்னால ஆள், ஐசி எங்க?"

முனாப் எஞ்சினை நிறுத்தினார்.

"தம்பி, ஐசி," என்றான் ஆமிக்காரன், அவரிடமல்ல.

முனாப் திரும்பினார். தேடித்தான் திரும்பினார். ஆகையால் பொட்டணிக்கு மேல் ஒருவருமில்லை. நடுவில் ஒரு ஆள் இருந்த அளவுக்கு அது அமுங்கியிருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து உப்புத் தண்ணீர், நைலோன் கயிற்றின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

"சின்னப் பிள்ளை. சரி, போ," என்று ஆமிக்காரன் தடையைத் தூக்கினான். "ஹெல்மெட் போடச் சொல்லு."