வெடி கேட்ட நாளின் கறி

"அவர் தனியப் போய்ச் செத்தாராம். மேல கயிறு பிடிக்க ஆளில்லாட்டி அவர் முழுகவே மாட்டார் ஐயா. பிடிச்சவன் ஆரெண்டு தெரியாம எனக்கு நித்திரை இல்ல."

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் மீராசாஹிப்பிடம் செசீலியா சொன்னாள். உலகயுத்த காலத்தில் வெள்ளைக்காரன் மாங்கேணிக் கடலில் கொட்டிவிட்டுப் போன ஷெல் குண்டுகளைப் பித்தளைக்காக முழுகியெடுத்தவன் அவள் புருஷன் அல்பேட். போன வெள்ளிக்கிழமை காலை ஒன்று வெடித்தது. மறுநாள் அவனில் பாதிதான் கரையொதுங்கியது.

அவனுக்குக் கயிறு பிடிப்பவர்கள் இருவர்: பக்கத்து வீட்டு யோசேப்பு, செசீலியாவின் தம்பி செபஸ்தியாம்பிள்ளை. அன்று கடலுக்கே போகவில்லை என்று இருவரும் மாதா மேல் சத்தியம் செய்தார்கள்.

மீராசாஹிப்பின் கூட்டாளி, தபால் கந்தோரில் வேலைசெய்யும் ஜெயராஜா, வெடிமருந்து மணம் தேடித் தோணி தோணியாகக் குனிந்து கயிறுகளை முகர்ந்தான். மீராசாஹிப்போ வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை என்ன கறி?"

செத்தவீட்டு விசாரணையில் கறியா! ஜெயராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மீன்தான்," என்றான் யோசேப்பு. "வெடி கேட்டா இஞ்ச ஆர் சும்மா இரிப்பான்? ஆரோ மீனுக்குப் போட்ட வெடியெண்டு ஊரே கூடையோட ஓடினம். வெள்ளை வெளேரெண்டு மிதந்துது."

செபஸ்தியாம்பிள்ளையின் மனைவி மார்கிறட் முகத்தைச் சுளித்தாள். "பருப்பு! செசீலியா மச்சாள் குடுத்த மீனையும் இந்த மனிசன் குப்பையில கொட்டிப்போட்டார்."

மாலையில் எல்லோரையும் செசீலியாவின் முற்றத்தில் கூட்டினார் மீராசாஹிப்.

"வெள்ளிக்கிழமை உங்கட ஆக்கள் இறைச்சி தொடாத நாள். மீனோ சும்மா மிதக்குது. தம்பி, நீ மட்டும் பெண்சாதி வாயிலயும் படவிடல்ல. அந்தத் தண்ணியில மனிசன் கிடக்கிறான் எண்டு அப்ப உனக்கு மட்டும்தானே தெரியும்?"

செபஸ்தியாம்பிள்ளை தலையைக் குனிந்தான். "மச்சான் பொலிசில போய், நாங்க களவா ஷெல் எடுத்து விக்கிற எல்லாத்தையும் சொல்லப்போறன் எண்டு நிண்டான். நான் தோணியத் தூரத்துக்கு வலிச்சிட்டு, அவன் ஏற முந்தி ஷெல் கட்டின கயித்த இழுத்தன். ஷெல் கல்லில மோதிச்சு."

செசீலியா அழவில்லை.

"நான் மீன் அள்ளக்குள்ள நீ கரையில நிண்டாய். புள்ளையளுக்கு ஆக்கிக் குடுக்கக்குள்ள வாசல்ல நிண்டாய். வேணாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லலியேடா?"

"சொன்னா," அவன் நிமிரவேயில்லை, "ஏனெண்டு கேட்டிருப்பாய், அக்கா."

பாயில் உப்பிட்டுக் காயவைத்திருந்த மீனை ஜெயராஜா அப்போதுதான் கண்டான். உள்ளே சின்னவள் சோற்றுக்குக் கருவாடு கேட்டுச் சிணுங்கத் தொடங்கினாள்.