எட்டு முனை நட்சத்திரத் தரை

நேற்று கதவோரத்தில் பொக்கென்று ஒலித்த இடம் இன்று ஜன்னலோரம் வந்திருந்தது.

தேவராஜ் ஐந்து ரூபாய் நாணயத்தால் மறுபடி தட்டிப் பார்த்தான். பேளுக்குறிச்சியில் பதினெட்டு வருடமாக டைல்ஸ் கடை வைத்திருப்பவன். ஒட்டிய டைலின் அடியில் சிமெண்ட் நிறைந்திருந்தால் காசு பட்டதும் ‘டிக்’ என்று கெட்டியாகப் பதில் வரும். காற்று தங்கியிருந்தால் காலிப் பானையைத் தட்டியதுபோல் ‘பொக்’ என்று வரும். பொக்கை விழுந்த டைலுக்கு ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. விழுந்த இடத்திலேயே கிடக்கும். நடமாடாது.

இது நடமாடியது. காலையில் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து தட்டியபோது அங்கே டிக். இப்போது, வெளியே மிளகுக் கொடிகளையும் அவற்றைத் தாங்கிய மரங்களையும் ஒவ்வொன்றாக மூடுபனி விழுங்கிக்கொண்டிருந்த மூன்றரை மணிக்கு, ஜன்னலடியில் பொக்.

கொல்லிமலைமேல் திண்ணனூர் நாட்டில் அந்த வீட்டை அவன் சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டியிருந்தான். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறவர்கள், கதவைத் திறந்ததும் கொல்லிமலையை மறந்து ஸ்பெயினில் கால் வைக்க வேண்டும் என்பது திட்டம். குதிரை லாடம்போல் வளைந்த வாசல்கள், மரச்சட்டப் பின்னலாக ஜாலி அடித்த ஜன்னல்கள், நூறு துளையிட்ட பித்தளை விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூடத்துத் தரை. நீலமும் பச்சையுமாக எட்டு முனை நட்சத்திரங்கள். அவற்றுக்கு மேலேறியும் கீழே நுழைந்தும் சுவரிலிருந்து சுவருக்கு அறுபடாமல் ஓடும் ஒரு வெள்ளைக் கோடு. எங்கே தொடங்குகிறது என்று தேடினால் கண் கிறங்கும். நாளைக் காலை பால் காய்ச்ச வேண்டும். மனைவி ராதிகா பூவும் பாலும் வாங்க ஸ்கூட்டரில் செம்மேட்டுக்குப் போயிருந்தாள். எட்டு வயது மகள் வித்யாஸ்ரீ மட்டும் அவனோடு இருந்தாள்.

அவள் ஒற்றைக் காலில் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவிக்கொண்டிருந்தாள். தத். தத். தத்.

“அப்பா, இந்தக் கோடு முடியவே மாட்டேங்குது.”

“முடியாதுடா கண்ணு. அதுக்குத்தான் அந்த வெலை.”

நடுவில் ஓரிடத்தில் முடிந்திருக்க வேண்டியது. மேஸ்திரி அருணாசலம் இந்த மலைக்காரர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். கூடத்தின் நட்டநடுவில் மட்டும் ஒரு டைலை ஒட்டாமல் விட்டார். அந்தச் சதுரத்தில் சிமெண்டும் இல்லை. ஒரு கை அகலத்துக்குச் செம்மண்.

“எங்கப்பன் கட்டுன ஊடு எல்லாத்துலயும் நடு ஊட்டுல ஒரு கை மண்ணு மூடாம உட்டிருக்குதுங்க. நானும் அப்படித்தானுங்க உடுவேன்.”

“எதுக்குங்க மேஸ்திரி?”

“தெரியாதுங்க. மூடிப் பாத்தவங்க யாரும் வந்து சொல்லலீங்க.”

“பல்லுப் போன வாயாட்ட இருக்குதுங்க. போட்டோ எடுக்கறவன் மொதல்ல அதைத்தான் எடுப்பான்.”

அருணாசலம் சிரிக்கவில்லை. தேவராஜுக்கு அவர் மறுப்பு புரிந்த மொழியாகவே கேட்டது. சந்தையில் வளர்ந்தவனுக்கு ‘மாட்டேன்’ என்பது பேரத்தின் முதல் சொல். ஒரு நாள் கூலி சேர்த்துத் தருவதாகச் சொன்னான். பிறகு இரண்டு நாள். அவர் சாந்துக் கரண்டியைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். கெட்டிக்கார ஆள், நாளைக்குத் திரும்பி வந்து மூன்று நாள் கேட்பார் என்று நினைத்தான். வரவில்லை. முந்தாநாள் தானே சாந்து குழைத்து அந்தக் கடைசி நட்சத்திரத்தை ஒட்டினான். கோடு கோட்டோடு சேர்ந்தது. ஒட்டின இடம் தெரியவில்லை. அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஜன்னலடியில் மீண்டும் தட்டினான்.

டிக்.

ஒரு டைல் தள்ளித் தட்டினான். டிக். இன்னொன்று. டிக். முழங்காலால் நகர்ந்து நகர்ந்து தட்டிக்கொண்டே வந்தான். ஈர சிமெண்டின் வாடையோடு வேறொன்றும் மூக்கில் ஏறியது. வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல் ஒரு குளிர்ந்த மண்வாடை. ஜாலியின் வழியே வந்த வெளிச்சம் சாம்பலாகி, தரையின் நீலமும் பச்சையும் ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன. வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. பின்னால் மகளின் தாவல் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கும்வரை அவனுக்குத் தைரியம் இருந்தது. தத். தத். தத்.

பொக்.

அகப்பட்டது. நாணயத்தைத் தூக்கி மறுபடி இறக்குவதற்குள், கீழே இருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

கை அப்படியே நின்றது.

தத்.

முழங்காலில் உணர்ந்தான். காதுக்கு வந்தது பிறகுதான். அவன் முழங்காலுக்கு நேர் கீழே, டைலின் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு சின்னக் கால் எம்பி விழுந்தது.

திரும்பினான். கூடம் காலியாக இருந்தது.

“வித்யா?”

தத். தத்.

“வித்யாஸ்ரீ! வெளையாடாத சாமி, அப்பாவுக்கு வேல இருக்குது.”

“நான் இங்கதானுங்கப்பா இருக்கறேன்.” கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல். பயமில்லாத குரல். “கோடு கீழயும் போகுதுப்பா.”

படுக்கையறையைத் திறந்தான். சமையலறை. குளியலறை. பின்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. முன்கதவைத் திறந்தால் வாசற்படிக்கு அப்பால் உலகமே இல்லை, வெள்ளைதான். பெயர் சொல்லிக் கத்தினான். பனி அவன் குரலை வாங்கி வைத்துக்கொண்டது. வீட்டுக்குள் அவள் பதில் சொன்னாள். தரையிலிருந்து.

சுத்தியலும் உளியும் வேலைச் சாமான்களோடு மூலையில் கிடந்தன. நேரே நடு நட்சத்திரத்துக்குப் போனான். தான் ஒட்டியதைத் தானே உடைத்தான். நான்காவது அடியில் டைல் பிளந்து தெறித்தது. சில்லுகளை வழித்துத் தள்ளினான்.

மண் இல்லை. சிமெண்ட். அவன் கொட்டாத சிமெண்ட், பல வருடம் இறுகியதுபோல். உளி வழுக்கியது.

தத். பக்கத்து நட்சத்திரம்.

அதை உடைத்தான். கெட்டி. அடுத்ததை உடைத்தான். கெட்டி. உடைக்கும்வரை பானைபோல ஒலித்தது, உடைந்ததும் பாறையானது. கட்டைவிரலில் சுத்தியல் விழுந்து நகம் கறுத்தது. நிறுத்தவில்லை. பதினொன்றை உடைத்திருந்தபோது தாவலின் சத்தம் நெருங்கி நெருங்கிச் சின்ன வட்டமாகச் சுற்றுவதைக் கவனித்தான். அப்போது அவள் முதல்முறையாக அழுதாள்.

“உடைக்காதீங்கப்பா. எடம் பத்தல.”

சுத்தியல் கையிலிருந்து நழுவியது.

உடையாத நட்சத்திரங்களின் அடியில்தான் அவளுக்கு இடம். அவன் உடைத்த ஒவ்வொன்றும் அவளை நெருக்கி எழுந்த ஒரு சுவர்.

ஜன்னலோரம் ஓடி ஜாலியில் ஃபோனை ஒட்டிப் பிடித்தான். ஒரு கோடு சிக்னல். ராதிகாவுக்குப் போகவில்லை. அருணாசலத்துக்குப் போனது.

“மேஸ்திரி, பாப்பா தரைக்குள்ள... ஒடனே வாங்க. என்ன கேட்டாலும் தாரேன்.”

அந்தப் பக்கம் மழை பெய்யும் ஓசை.

“நடுவுல மூடிட்டீங்களா?”

“ஆமாங்க.”

“நீங்களே மூடுனீங்களா, ஆள உட்டு மூடுனீங்களா?”

“நாந்தான். என் கையாலதான்.”

“அப்ப நீங்கதானுங்க பேசிக்கோணும்.” குடையை விரிக்கும் ஓசை கேட்டது. “நான் வாரேன், இருந்தாலும் என் பேச்சு எடுபடாதுங்க. மூடுனவங்க சொல்லுதான்...”

சிக்னல் கோடு போய்விட்டது.

தேவராஜ் சில்லுகளின்மேல் குப்புறப் படுத்தான். உடையாத ஒரு நட்சத்திரத்தில் காதை வைத்தான். குளிர் காதுக்குள் புகுந்தது. உள்ளே மகள் தாவும் ஓசை. அதற்கும் கீழே இன்னொன்று. தாவாதது. மெதுவாக, கனமாக, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“என்ன வேணும்?” என்றான்.

மூச்சு நின்றது. காது கொடுத்துக் கேட்கிறது.

அப்போதும் அவன் நாக்கு குறைவாகத்தான் ஆரம்பித்தது. அதற்காகத் தன்னை அவனால் கடைசிவரை மன்னிக்க முடியப்போவதில்லை.

“கெடா வெட்டறேன்.”

தத்.

“ரெண்டு கெடா. வருசா வருசம்.”

தத்.

“இந்த ஊட்டையே இடிச்சு மண்ணாக்கித் தாரேன்.”

தத்.

“நாந்தான மூடுனேன்? என்னைய எடுத்துக்க. அவ கொழந்த. என்னைய எடுத்துக்க சாமி.”

தத். தத். தாவல் வலுவிழந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. “அப்பா, மூச்சு முட்டுது” என்றாள். டைலை நகத்தால் பிறாண்டினான். பல்லால் கவ்வினான். சொல்வதற்கு இனி ஒன்றுமில்லை. எதிராளி இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும்போது, கடையைச் சாத்தும் நேரத்தில், மூளையைக் கேட்காமல் வாய் தானாக எதைச் சொல்லிப் பழகியிருந்ததோ அதைச் சொன்னது.

“பாதி. பாதியாவது குடு.”

எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு கீழிருந்து ஒரே ஒரு தட்டு. டிக். கெட்டியாக.

தலையைத் தூக்கினான். கூடத்தின் கோடியில், அவன் உடைக்காத இடத்தில், வித்யாஸ்ரீ இருந்தாள். இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் மண் இல்லை. ரிப்பன்கூடக் கலையவில்லை. உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தான். அப்படித்தான் நினைக்க விரும்பினான். தவழ்ந்து போனான்.

அவள் பச்சைச் சட்டை இடுப்புவரை வந்து, அங்கே தரையைத் தொட்டது. ஒரு கீறல் இல்லை. வெள்ளைக் கோடு அவளை ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த நட்சத்திரத்துக்குப் போயிற்று.

“தூக்குங்கப்பா.”

“வலிக்குதா கண்ணு?”

“இல்லீங்கப்பா. தூக்குங்க.”

அக்குளில் கை கொடுத்தான். முந்தாநாள்கூட வாசற்படியில் தூக்கி வந்த எடை அவன் கைக்குத் தெரியும். அதற்குத் தயாராகத்தான் இழுத்தான். வெற்றுக் கூடையைத் தூக்கியதுபோல் அவள் எழும்பி வந்துவிட்டாள். கீழே பார்க்கவில்லை. மார்போடு அணைத்து, முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டான். வெதுவெதுப்பாக இருந்தாள். சிரித்தாள். அவன் இடுப்பில் எந்தக் காலும் வந்து இடிக்கவில்லை.

வெளியே பனிக்குள் ஸ்கூட்டர் வந்து நின்றது. ராதிகா ஹாரன் அடித்தாள்.

“அம்மா!” என்று வித்யாஸ்ரீ அவன் கையில் துள்ளினாள். “எறக்கி உடுங்கப்பா. நான் ஓடிப்போய்க் கதவத் தெறக்கறேன்.”

அவன் இறக்கவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டான்.

தரைக்கு அடியில், இரண்டு சின்னப் பாதங்கள் வாசலை நோக்கி ஓடின.