கொம்பையா வாங்காத சீட்டு

அன்று காலை பால் வரவில்லை. சீட்டு வந்தது.

கணுக்கால் அளவு கடல் தண்ணீரில் வாசலில் நின்றுகொண்டு கொம்பையா அதை வாங்கிப் படித்தான். பால்காரனுக்கு உறக்கம் நாற்பது நிமிடம் குறைவு, வண்டியின் மின்கலம் ஈரத்தில் இளைத்துவிட்டது, ஆகவே பால் இல்லாததற்கு அவன் பொறுப்பல்ல என்று பச்சைத் தாளில் முத்திரையோடு இருந்தது. சீட்டைக் காட்டினால் 'பரவாயில்லை' என்று சொல்லியாக வேண்டும். அது சட்டம். கொம்பையா சொன்னான். பால்காரன் அடுத்த வீட்டுக்கு அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.

உள்ளே இசக்கியம்மாள் கடுங்காப்பி போட்டாள். அந்தத் தெருவில் யாருக்கும் பரவாயில்லை சொல்லாதவள் கொம்பையாவின் மனைவி ஒருத்திதான். அதற்காக ஒருமுறை, பரவாயில்லை சொல்லப் பழக்கும் வகுப்பில் மூன்று நாள் உட்காரவைத்தார்கள். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வாய்ப்புண் என்று அவளுக்கே ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சீட்டைத் தருவது சமாதானி. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், மொச்சைக்கொட்டை அளவு வில்லை. நாடி, உறக்கம், காற்று, வெயில் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, ஒருவன் எதில் தோற்றாலும் தோற்றதற்குக் காரணம் சொல்லும். தோற்றவன் மனம் ஒடியக் கூடாதென்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்களாம். நல்ல எண்ணம் எவனுக்குத்தான் இல்லை? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழைய ஆட்கள் கேலி பேசுவார்கள். இப்போது கூடத்தை அளந்து, கோணல்தான் என்று முத்திரை குத்திக் கொடுக்க ஒரு மெஷின் வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

புன்னைக்கரை கடல்மட்டத்துக்குக் கீழே போய் ரொம்ப காலம். ஊரைக் காப்பது ஒரு மதில், அதில் நான்கு மதகு. மூன்றாம் மதகின் இரும்புக் கதவில் பதினோரு வருஷமாக வெடிப்பு. தண்ணீருக்கு அடியில் இறங்கி அதைப் பற்றவைக்கத் தேர்வில் தேறிய வெல்டர் வேண்டும். பதினோரு வருஷமாக ஒருத்தனும் தேறவில்லை. இந்த ஐப்பசி அமாவாசைக்குக் கடல் பொங்கி ஏறும் ஓதத்துக்குள் கதவு அடைபடாவிட்டால், கொம்பையா குடியிருக்கும் மதகடித் தெருவைக் கடலுக்கு விட்டுவிடுவதென்று எல்லார் வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அதற்கு இன்னும் ஒன்பது நாள்.

கொம்பையா ஆறு முறை எழுதிய தேர்வு அது. எழுதுவது என்றால் பேனாவால் அல்ல, தொட்டிக்குள் மூழ்கி இரண்டு தகடுகளை ஒட்டவைப்பது. ஆறு முறையும் சீட்டு. உப்பு அதிகம், மின்னோட்டம் குறைவு, சிறுவயதில் தகப்பன் செத்த துக்கம். ஒவ்வொரு சீட்டோடும் மனம் ஆற ஆறு மாதம் ஓய்வு. இன்று ஏழாம் முறை. இன்றும் தோற்றால் அடுத்த தேர்வுக்குள் வீடு மீனுக்குப் போய்விடும்.

"ஆறு சீட்டையும் கொண்டுபோய்க் கசியுற இடத்துல ஒட்டிட்டு வாங்களேன்" என்றாள் இசக்கியம்மாள்.

அவன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

தேர்வுக்கூடத்தில் பூதத்தான் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். ஒன்பது முறை தோற்ற வெல்டர். சீட்டுகளை ஆல்பம் போட்டு வைத்திருந்தான். இன்றைக்குத் தனக்கு முதுகுப்பிடிப்பு என்று வரும் போலிருக்கிறது என்று, தொட்டியில் இறங்கும் முன்பே மகிழ்ச்சியாகச் சொன்னான்.

கொம்பையா இறங்கினான், பற்றவைத்தான், ஏறினான். ஒலியால் துழாவும் கருவியைத் தகட்டின் மேல் ஓட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. காதுக்குள் சமாதானி தேன் தடவிப் பேசியது: "கொம்பையா அவர்களே, நீரின் கலங்கல் பதினெட்டு விழுக்காடு. உங்கள்மேல் பிழையில்லை. ஆறு மாதம் ஓய்வெடுங்கள்."

கலங்கலா? தொட்டிக்குள் அவனுக்குத் தன் நகத்தழுக்கு வரைக்கும் தெரிந்ததே.

தேர்வதிகாரி பிரசில்லா சீட்டை நீட்டினாள். கொம்பையா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இதை வாங்கலைன்னா என்ன ஆகும், மேடம்?"

எட்டு வருஷ வேலையில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. விதிகளைத் திரையில் தேடிப் பிடிக்கவே நேரமானது. சீட்டு வாங்காவிட்டால் கோப்பு மூடாது. மூடாத கோப்பு என்றால் தகட்டை அறுத்து உள்ளே பார்க்க வேண்டும். ஓய்வும் கிடையாது, அன்றைக்கே மறுபடி இறங்கலாம்.

"அறுக்கிற மெஷின் ஓடியே பத்து வருஷம் இருக்கும், அண்ணாச்சி. பேசாம வாங்கிக்கிடுங்க."

"அப்போ இதுவரைக்கும் ஒரு தகட்டையும் யாரும் அறுத்துப் பாக்கலையா?"

அவள் போய் அந்த மெஷின்மேல் கிடந்த சாக்கை இழுத்துப் போட்டாள். உள்ளே பல்லிமுட்டை. துடைத்துவிட்டுத் தகட்டை ஏற்றினாள்.

அறுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்தபோது பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்திருக்கும். இரும்புக்கு நடுவே மூன்று கறுப்புக் கோடுகள். கசடு. ஒரு வரிசை பற்றவைத்ததும் மேலே படியும் கசடைச் சுத்தியலால் தட்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் அடுத்த வரிசை போட வேண்டும். அது தெரியாத வெல்டர் கிடையாது. கொம்பையாவுக்கும் தெரியும். ஆனால் தண்ணீருக்குள் கை சீக்கிரம் ஓய்ந்துபோகும். இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, போதும் என்று அடுத்த வெல்டிங் ராடைச் செருகிவிடுவான். முதல் முறையும் அப்படித்தான். ஏழாம் முறையும் அப்படித்தான். மூன்று வருஷம் உப்பையும் மின்சாரத்தையும் செத்துப்போன தகப்பனையும் குற்றம் சொல்லியிருக்கிறான்.

அவமானத்தில் காது சுட்டது. அது நல்ல சூடு. எத்தனையோ வருஷம் கழித்து அவனுக்கு வந்த சொந்தச் சூடு.

"தோள் தசைச் சோர்வும் ஒரு காரணமாக..." என்று சமாதானி ஆரம்பித்தது. கொம்பையா வில்லையைப் பிய்த்து, குடித்து மிச்சம் வைத்த டீ கிளாசுக்குள் போட்டான்.

பூதத்தான் எழுந்தே விட்டான். "வே, அதைக் கழட்டினா எல்லாத்துக்கும் நீருதான் பொறுப்புன்னு ஆயிரும்வே."

"ஆகட்டும்வே."

மறுபடி இறங்கினான். ஒரு வரிசை, பிறகு சுத்தியல். கசடு இருக்கும் வரை சுத்தியல் சத்தம் செத்த சத்தமாக இருக்கும். இரும்பு வெளுத்ததும் மணி மாதிரி கேட்கும். மணி கேட்கும் வரை தட்டினான். கை மரத்தது. மரத்த கையை மற்ற கையால் தாங்கிக்கொண்டு தட்டினான். முன்பு முக்கால் மணியில் முடித்த வேலைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

பச்சை விளக்கு எரிந்தது. பிரசில்லா அதை நம்பாமல் தகட்டை அறுத்து, ஒரு துண்டைக் குதிரைலாடம் போல வளைத்தும் பார்த்தாள். மயிரிழை கூட விரியவில்லை. அப்போதும் சீட்டு அடிக்கும் மெஷின் சும்மா இருக்கவில்லை, ஒரு சீட்டைத் துப்பியது. வெற்றிக்குக் காரணம்: நீர்த் தெளிவு, ராடு புதிய கட்டு, சாதகமான காற்றழுத்தம்.

கொம்பையா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தான்.

"தோத்ததும் நானில்ல, ஜெயிச்சதும் நானில்ல. அப்போ ரெண்டு மணி நேரம் தண்ணிக்குள்ள கெடந்தவன் எவன், மேடம்?"

பிரசில்லா சீட்டை அவன் கையிலிருந்து வாங்கிக் கிழித்தாள். கோப்பில் காரணம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டாள். கசடைத் தட்டினான் என்று போடச் சொன்னான். அதற்குக் குறியெண் இல்லை. பேனா தேடி எடுத்து, ஓரத்தில் கையால் எழுதினாள். அவன் வெளியே போகும்போது பூதத்தான் ஆல்பத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு, அறுபட்ட தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் மதகில் வேலை எட்டு நாள் நடந்தது. அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் கொம்பையா வீட்டுக்கு வந்தபோது வாசல்படி பதினோரு வருஷத்தில் முதல்முறையாகக் காய்ந்திருந்தது. ஆனால் தெருவோரத்தில் பாம்புவால் தடிமனில் ஒரு நீர்க்கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் கசியுதே."

அலை பெரிது என்று சொல்லியிருக்கலாம். கதவு பழசு என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான்.

"ஆமா. ஒரு இடத்துல சரியாத் தட்டாம விட்டுட்டேன். என் தப்புதான்."

அடுத்த வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படி ஒரு பேச்சு அந்தத் தெருவில் கேட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது. இசக்கியம்மாள் காய்ந்த படியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த இடத்துல?" என்று கேட்டாள்.

கொம்பையா பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த சாக்பீசால் படியில் கதவை வரைய ஆரம்பித்தான். ஓதம் ஏற இன்னும் பத்து மணி நேரம் இருந்தது.