கடைசி வீட்டின் எண்ணிக்கை

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை முடித்துத் தாளைப் புரட்டப் போனபோதுதான் அவள் ஓரத்தைக் கவனித்தாள். பிழை எதுவும் இல்லாத இடத்தில் பென்சில் கோடுகள். நின்ற வாக்கில் நான்கு, குறுக்கே ஒன்று. மறுபடி நான்கு, குறுக்கே ஒன்று. அப்படி ஏழு கட்டு. கடைசியில் தனியாக மூன்று. முப்பத்தெட்டு.

போட்டது அவள் கைதான். குறுக்குக் கோட்டைக் கீழிருந்து மேலாக இழுப்பது அவள் பழக்கம். எப்போது போட்டாள் என்பதுதான் தெரியவில்லை. பதினேழு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். தாளில் தன் பென்சில் எங்கெல்லாம் பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். அழிப்பானை எடுத்துத் தேய்த்தாள். கோடுகள் போயின, பள்ளங்கள் போகவில்லை. அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தாள்.

எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். விளக்கை இடப்பக்கம் நகர்த்தி, மறுபடி வலப்பக்கம் வைத்தாள். அந்த வீட்டில் முழுசாக இருந்தது இந்த நிலவறை ஒன்றுதான். மேலே ஒரு அறைக்கு மட்டும் தார்ப்பாய் போட்டுக் கணவனும் அவளும் மகளும் படுத்துக்கொண்டார்கள். தெருவில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள், இவர்களுடையது கடைசி. மற்ற பதினொன்றில் கூரையும் இல்லை, ஆளும் இல்லை. ஊர் திரும்பியவர்கள் மூன்று மாதம் தொடர்ந்து குடியிருக்காவிட்டால் வீடு நகராட்சிக்குப் போய்விடும் என்று உத்தரவு. அதனால் வந்தார்கள்.

அவள் திருத்திக்கொண்டிருந்தது அந்த நகரத்தின் வரலாறு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதிய அறுநூறு பக்கம். நகரம் ஏழு முறை முற்றுகையிடப்பட்டது, ஏழு முறையும் ஜனங்கள் கீழே இறங்கினார்கள் என்பதுதான் அதன் சாரம். குதிரைப்படை வந்தபோது தானியக் குழிகளுக்குள் இறங்கினார்கள். பீரங்கி வந்தபோது அந்தக் குழிகளையே வெட்டி அறைகளாக்கினார்கள். விமானம் வந்தபோது அதே அறைகளுக்கு மின்விளக்கு போட்டார்கள். மேலே ஆள்கிறவர்களின் கொடியும் தெருக்களின் பெயரும் மாறிக்கொண்டிருந்தன. கீழே சுவரும் சுவரைத் தட்டும் முறையும் அப்படியே இருந்தன.

அந்த முறைக்குப் பேராசிரியர் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார். அவளுக்கு நான்கு வரி போதும். பொழுது சாய்ந்ததும் முதல் வீட்டுக்காரர் தன் நிலவறையில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை முறை பக்கத்துச் சுவரில் தட்டுவார். இரண்டாம் வீட்டுக்காரர் தன் ஆட்களையும் சேர்த்து அடுத்த சுவரில் தட்டுவார். இப்படியே வளர்ந்து கடைசி வீட்டுக்கு வரும்போது தெருவில் எத்தனை உயிர் மிச்சம் என்பது தெரிந்துவிடும். எண்ணிக்கை ஒரு திசையில்தான் போகும். எதிர்த்திசையிலிருந்து தட்டு வந்தால் யாரும் பதில் தரக்கூடாது. கடைசி வீட்டுக்குள் எதிரி புகுந்துவிட்டான், ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறான் என்று அர்த்தம். பேச்சு வராத குழந்தைக்கும் அந்த ஊரில் அது தெரியும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தி, போன முற்றுகையில் இந்தத் தெருவுக்கு நடந்தது: ‘மீட்புக் குழுவினர் கடைசி வீட்டின் மூவரை வெளியே எடுத்தனர். சுவரில் தட்டிப் பார்த்தபோது பதில் வரவில்லை. பிறகு தோண்டியபோது மற்ற பதினொரு நிலவறைகளிலும் முப்பத்தெட்டு உடல்கள் கிடைத்தன. அவர்கள் மேலும் நான்கு நாட்கள் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.’

பிழையில்லாத பத்தி. யார் தட்டினார்கள் என்று அதில் இல்லை.

தட்டியவள் அவள்தான். ‘அந்தப் பக்கம் யாராவது இருக்காங்களாம்மா? சீக்கிரம் சொல்லுங்க, இந்தச் சுவரும் நிக்காது’ என்று மீட்புக்காரர் அவசரப்படுத்தினார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் இந்தப் பக்கத்திலிருந்து, எதிர்த்திசையிலிருந்து தட்டினாள். பத்து முறை, இருபது முறை. காது வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. ‘யாரும் இல்லைங்க’ என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு பேர் குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, ஊர் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

தான் செய்தது என்ன என்று அகதி முகாமில் ஒரு விடியற்காலை அவளுக்கு உறைத்தது. கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு, கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றுத் துவாரம் வழியாக விழுந்த வெளிச்சம் தரையில் சாம்பலாகி, சுவர் ஓரத்தில் இருந்த ஈரக் கறையோடு கலந்து மறைந்தது. நனைந்த சுண்ணாம்பு வாசனை, அதற்கு அடியில் நாள்பட்ட துணி மூட்டையைப் பிரித்தால் வருகிற வாசனை. எங்கோ தண்ணீர் சொட்டியது. பிறகு அந்தச் சொட்டும் நின்றது.

தட்டு வந்தது.

விரல் கணு செங்கல்லில் படுகிற சத்தம். அவசரமில்லாத, சீரான, அக்கறையான சத்தம். வெகு தூரத்தில் மெலிதாகத் தொடங்கி, நின்று, கொஞ்சம் கிட்டத்தில் கூடுதலாகக் கேட்டு, நின்று, சுவர் சுவராக நெருங்கி, கடைசியில் அவள் முழங்காலுக்கு நேர் எதிரே. அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தெட்டு.

பிறகு மௌனம். அது எதையோ எதிர்பார்க்கிற மௌனம்.

தெருவின் கடைசி எண்ணிக்கை நாற்பத்தொன்று. அவளே கேட்டது, அவளே முடித்தது. முப்பத்தெட்டு என்றால் மூன்று குறைகிறது. தப்பான எண்ணைக் கண்டால் பதினேழு வருடமாக அவள் கை என்ன செய்யுமோ அதைத்தான் இப்போதும் செய்தது. மூளை தடுப்பதற்குள் அவள் விரல் சுவரில் மூன்று முறை தட்டியிருந்தது.

அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டதுபோல் இருந்தது. நிம்மதியாக.

கணவன் மின்வாரியத்தில் லைன்மேன். இருட்டிய பிறகு கையெல்லாம் கிரீஸோடு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

“ஏங்க, கீழ சுவத்துல தட்டற சத்தம் கேக்குது.”

“குழாயா இருக்கும். காத்து அடைச்சா தட்டும். மேஸ்திரி அன்னிக்கே சொன்னாரில்ல?”

“குழாய்க்கு முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணத் தெரியுமா?”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு சிரித்தான். “அந்தப் புத்தகம் உன் தலைக்கு ஏறிடுச்சு. பேய்க்கு வேற வீடா கிடைக்கல? பாதி நேரம் கரண்ட் இல்லாத வீட்டுக்கு வந்து அது என்ன பண்ணும்?”

“கரண்ட் குடுக்கறதே நீங்கதானே.”

“அதைச் சொல்லித்தான் ஆபீஸ்ல சிரிக்கிறானுங்க. லைன்மேன் பொண்டாட்டி மெழுகுவத்தி வாங்குதுன்னு.”

மகளுக்கு எட்டு வயது. அப்பா வைத்த பெயர் வாலு. அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: “நம்ம மூணு பேரையும் சேத்துட்டியாம்மா?”

கணவன்தான் சமாளித்தான். “சாப்பிடுடி. வாயைப் பாரு.”

அடுத்த நாள் நாற்பத்தொன்று வந்தது.

அவள் நிலவறையின் மேல்படியில் நின்றே கேட்டாள். கீழே இறங்கவில்லை. முதல் வீட்டிலிருந்து கிளம்பி, சுவர் சுவராக வந்து, முப்பத்தெட்டைத் தாண்டியும் நிற்காமல் முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அந்தக் கடைசி மூன்று தட்டும் மற்றவற்றைப் போலவேதான் ஒலித்தன. அவள் சேர்த்ததை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இறந்தவர்களின் வரிசையில் அவள் வீடும் ஏறிவிட்டது. அவள் கைப்படவே ஏறியது.

அன்றிரவு மகளுக்கு உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. போர்வை போட்டும் சூடு ஏறவில்லை. கன்னத்தைத் தொட்டால் சுவரைத் தொட்டதுபோல ஈரம். காலையில் கணவனும் ஷூ மாட்டிக்கொண்டே உள்ளங்கைகளைத் தேய்த்தான். “என்ன இது, கோடையில இப்படிக் குளிருது?”

“நாம போயிடலாங்க. முகாமுக்கே போயிடலாம்.”

“இன்னும் பதினொரு நாள்தான்மா. அதுக்கப்புறம் வீடு நம்ம பேருல நின்னுடும். அங்கே போனா மறுபடி கூடாரம், மறுபடி வரிசை. பிள்ளையை எங்கே படிக்க வைப்பே?” அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். “சரி, சாயங்காலம் சீக்கிரம் வரேன். வந்து பேசலாம். போதுமா?”

பகல் முழுக்க அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேலே போனாள், கீழே வந்தாள், துணியை மடித்து மறுபடி உதறினாள். அச்சகத்திலிருந்து போன். “அக்கா, வெள்ளிக்கிழமை பக்கம் எல்லாம் வந்தாகணும். பேராசிரியர் என் உயிரை எடுக்கறார்.” வந்துவிடும் என்றாள். தன் விரல் நுனிகள் வெளுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நாலரைக்கு மகளைக் காணவில்லை. மேலே இல்லை. வாசலில் இல்லை. நிலவறைக்கு ஓடினாள். சிறுமி சுவரோடு சுவராகக் குந்தி, செங்கல்லில் காதை வைத்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

“இங்கே என்னடி பண்றே? மேல போ!”

“சும்மாதாம்மா. இங்கேதான் குளிரல.”

அவளைத் தூக்கி மேல்படியில் உட்கார வைத்தாள். எடையே இல்லை. அங்கேயே இரு, கீழே வரக்கூடாது என்றாள். பிறகு சுவரின் முன்னால் வந்து நின்றாள்.

பிழை என்றால் திருத்தம் உண்டு. சேர்த்ததை நீக்க அந்தத் தெருவில் ஒரு வழி இருந்தது. வீட்டில் யாராவது இறந்துபோனால் விரலால் தட்டமாட்டார்கள். உள்ளங்கையை விரித்து, சுவரில் அறைவார்கள். ஆளுக்கு ஒன்று. அந்த ஆள் எண்ணிக்கையிலிருந்து போய்விடுவார். அது எந்தத் திசையிலும் போகலாம். சாவுக்குத் திசை கிடையாது.

வெளிச்சம் சாய்ந்தது. தட்டு கிளம்பியது. அவள் காத்திருந்தாள். நாற்பத்தொன்று முடிந்தது.

உள்ளங்கையை விரித்தாள். ஒன்று. கணவன். இரண்டு. மகள். மூன்று. தான்.

அந்தப் பக்கம் அசைவில்லை. பிறகு, பதினோராம் வீட்டின் தூரத்துச் சுவரில், மூன்று அறை. அதற்கு அப்பால் இன்னும் மெலிதாக மூன்று. இன்னும் அப்பால் மூன்று. செய்தி தெரு நெடுக முதல் வீடுவரை போய்க்கொண்டிருந்தது. கடைசியில் எதுவும் கேட்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்தாள். கண்ணில் நீர் வந்தது. படியில் மகள் தும்மியது கேட்டது. உயிருள்ள, சூடான தும்மல். வாசலில் கணவன் ஷூவைக் கழற்றி எறிகிற சத்தமும் கேட்டது. “வந்துட்டேன்மா, எங்கே இருக்கீங்க?”

முடிந்தது என்று நினைத்தாள்.

பிறகுதான் மீதி ஞாபகம் வந்தது.

முற்றுகையின் இரண்டாம் மாதம் அவள் மாமியார் இந்த அறையில்தான் இறந்தார். அவள் ஒரு முறை அறைந்தாள். கால் மணி நேரத்தில் மண்பூச்சைச் சுரண்டி, செங்கற்களை ஒவ்வொன்றாக உருவி, பதினோராம் வீட்டுத் தையல்காரி தவழ்ந்து வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். எந்த வீட்டையும் அதன் பிணத்தோடு தனியாக விட்டதில்லை அந்தத் தெரு. குளிப்பாட்ட இருவர், தூக்க நால்வர். தையல்காரி அளவெடுத்து, அங்கேயே உட்கார்ந்து பிணத்தைச் சுற்றும் விரிப்பைத் தைத்தாள்.

சுவரில் சுரண்டல்.

மண் உதிர்ந்தது. ஒரு பிடி. இன்னொரு பிடி.

“ஏங்க! குழந்தையைத் தூக்கிட்டு வெளியே போங்க! ஓடுங்க!”

“என்ன? என்ன ஆச்சு?” அவன் கீழே இறங்கத் தொடங்கினான். ஓடு என்றால் நின்று கேட்கிறவன்.

ஒரு செங்கல் பின்னால் நகர்ந்தது. மெதுவாக. அந்தப் பக்கம் யாரோ அதை வாங்கித் தரையில் வைத்தார்கள், சத்தம் வராமல், சாவு வீட்டில் வைப்பதுபோல. அடுத்தது. அடுத்தது. துணி மூட்டை வாசனை அறையை நிறைத்தது. இருட்டுக்குள் ஆட்கள் நெருக்கியடித்துக் காத்திருந்தார்கள். ஒருவர் தோள்மேல் ஒருவர். யாரோ சன்னமாக அழுதார்கள். இவர்களுக்காக.

முதலில் விரிப்புகள் வந்தன. மடித்தவை. மூன்று.

பிறகு ஒரு கை. புழுதி படிந்த, நகம் நீண்ட, நடுவிரலில் தையல்காரர் மாட்டும் உலோகக் குப்பியோடு ஒரு கை. அது சின்ன விரிப்பைத் தனியே எடுத்துத் தரையில் பரப்பியது. சுருக்கத்தை நீவியது. பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து, படியின் அடியில் வந்து நின்றுவிட்ட சிறுமியின் வெறும் பாதங்களை நோக்கி, தரையோடு தரையாக, பொறுமையாக, சாண் சாணாக அளந்துகொண்டு வந்தது.