விலகிய தேதி

அந்த ரெக்கார்டு ரூமில் எல்லா ஃபைல்களிலும் தூசி இருந்தது, தினகரன் ஃபைலைத் தவிர. சுதா அதை எடுத்தபோது அட்டை வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

திருமழிசையில் இரும்புத் தகடு அழுத்தும் கம்பெனி அது. எந்த ஃபைலை எத்தனை வருஷம் வைத்திருப்பது, எதை எப்போது அழிப்பது என்று அட்டவணை போடத்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆட்களின் ஃபைல் என்றால், வேலையிலிருந்து விலகிய தேதிக்கு மேல் எட்டு வருஷம். தினகரனுக்கு அந்தக் கட்டம் காலி. அட்டவணை முடியாமல் கிளம்பக் கூடாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். கரையான்சாவடி ஃப்ளாட்டில் ரெண்டாவது படிக்கும் மகள் வர்ஷா தனியாக இருக்கிறாள். சுதா இன்னொரு தடவை மணியைப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னா நோண்டிகினு கீற?" கலியமூர்த்தி வாசலை அடைத்து நின்றார். ரெக்கார்டு ரூம் சாவி அவரிடம்தான். தான் காபந்து பண்ணியதையெல்லாம் அழிக்க வந்தவளை அவருக்குக் கண்டாலே ஆகாது.

"தினகரன் எப்போ வேலைய விட்டாரு?"

"எங்க உட்டான்? பிரஸ்ல மாட்டிகினான். தகட்டோட தகடா பூட்டான். வெளிய தெரிஞ்சா வம்புன்னு, ட்யூட்டிலதான் கீறான்னு எழுதி வச்சிட்டானுங்க. அவனும் அப்டியே கீறான்."

"பயமுறுத்தாதீங்கண்ணே. இன்னிக்குத் தேதியப் போட்டுடறேன்."

"போடு. அப்பால ஊட்டுக்குக் கெளம்புவான். அவனுக்குத்தான் ஊடே இல்லியே." பல் தெரியச் சிரித்தார். "கையெழுத்து யாரு, நீதானே?"

இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று எரிச்சலோடு தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காலையிலிருந்து தடக் தடக்கென்று கேட்டுக்கொண்டிருந்த பிரஸ் சத்தம் நின்றது. இன்று மெஷின் எதுவும் ஓடாது என்று மேனேஜர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், வியர்வையும் வாடிய மல்லிகையும் டீசல் புகையும் கலந்து மூச்சை முட்டியது, ஆனாலும் அவள் பக்கத்துச் சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை; உட்காரக் குனிந்தவர்கள்கூட முகத்தைச் சுளித்து நிமிர்ந்துகொண்டார்கள், அங்கிருந்து மெஷின் ஆயில் வாடை கிளம்பி அவள் புடவையில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை.

வீட்டுக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டாள். வர்ஷாவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, உன்கூட வந்தவரை ஏன் வெளியவே விட்டுட்ட?"

மாடிப்படி லைட் அணைந்தது. ஆயில் வாடை.

கதவுக்கும் தரைக்கும் நடுவே பேப்பர் நுழையும் அளவுக்குத்தான் சந்து. அதில் ஒரு கை வந்தது. தகடுபோல் தட்டையான கை. விரல்கள் தரையைத் தடவின. முழங்கை. தோள்.

பிறகு முகம். அதுவும் தட்டை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மனுஷன் பிள்ளையைப் பார்ப்பதுபோல், அது வர்ஷாவைப் பார்த்தது.