தவிர்க்கலாம்

சேலத்து முன்காட்டி நிலையத்தில் அழுவதற்கென்றே ஓர் அறை இருந்தது. சத்தம் வெளியே கேட்காது. கருவியை இயக்கும் இன்பராசு நாளுக்கு நாலைந்து பேரையாவது அந்த அறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவார்.

பாட்டு, நடிப்பு, ஓவியம் எதுவானாலும் சரி, கலையைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் முன்காட்டியில் உட்கார வேண்டும் என்பது சட்டம். தலையில் ஒரு கவசம் மாட்டுவார்கள். இரண்டு மணி நேரம் அது மூளையின் போக்கையும் குரலையும் உடலசைவையும் படிக்கும். மக்களின் ரசனையையும் ஊர் நிலவரத்தையும் அதோடு சேர்த்து, முப்பது வருடம் கழித்து அந்த ஆள் வேலை செய்யும் ஒரு சாதாரண நாளின் ஒன்பது நிமிடங்களைத் திரையில் காட்டும். முடிவில் ஒரு சீட்டு வரும். 'தொடரலாம்' அல்லது 'தவிர்க்கலாம்.'

சீட்டின்படி நடந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் பதினேழு ஆண்டுகளில் 'தவிர்க்கலாம்' வாங்கிய ஒருவர்கூடத் தொடர்ந்ததில்லை. தன் தோல்வியைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு யார்தான் போவார்கள்? பிள்ளையின் வாழ்க்கை தப்பித்தது என்று எத்தனையோ பெற்றோர் இன்பராசுவின் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

அவரும் நன்றி சொன்னவர்தான். முன்காட்டி வந்த முதல் வருடம், பாடகராகும் ஆசையோடு அதில் உட்கார்ந்தார். யாரும் காது கொடுக்காத ஒரு கல்யாண வரவேற்பில், நரைத்த தலையோடு தான் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதோடு பாட்டை விட்டுவிட்டு அதே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

கார்குழலி வந்தது ஒரு வியாழக்கிழமை. முப்பத்து மூன்று வயது. பெரிய மருத்துவமனை ஒன்றில் மூட்டு அறுவை செய்யும் இயந்திரக் கைகளை மேற்பார்க்கும் வேலை. துறைத் தலைவி பதவி அவளுக்கென்று காத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் மருத்துவமனை ஆண்டு விழாவில் ஒரு நாடகத்தில் நடித்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. முன்காட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு முடிவெடுக்கலாம் என்று கணவன் சொல்லியிருந்தான். வெளியே நடையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

திரையில் ஒரு சிறிய கூடம் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். மேடையில் முதிர்ந்த கார்குழலி ஒரு நீதிபதியாக நடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் வசனம் மறந்துபோயிற்று. சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

சீட்டு வந்தது. தவிர்க்கலாம்.

இன்பராசு வழக்கம்போல எழுந்து அவள் பக்கம் போனார். அவள் அழவில்லை. இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டாள். விதியில் இடம் இருந்ததால் மறுபடி ஓட்டினார். அவள் முன்னால் சாய்ந்து, கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இதுல எனக்கு அறுபத்தி மூணு வயசுங்களா?"

"ஆமாங்க. பாக்க வந்தது நாலே பேரு."

"அதை விடுங்க. வசனம் மறந்து நின்னப்ப என் முகத்தைப் பாத்தீங்களா? துளிகூட பயமில்ல. ஆண்டு விழாவுல ஒரு வரி மறந்ததுக்கே எனக்குக் கால் நடுங்கிருச்சு. இந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியணுங்க."

சீட்டின் அடியில் கையெழுத்துப் போட்டாள். 'தவிர்க்கலாம்' சீட்டு ஒன்றில் 'தொடர்கிறேன்' என்ற கட்டத்தில் முதல் முறையாக ஒரு குறி விழுந்ததை இன்பராசு பார்த்தார். அவள் நடைக்குப் போய்க் கணவனிடம் ஏதோ சொன்னாள். அவன் எழுந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். அன்று முழுதும் இன்பராசுவுக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை.

ஐந்து ஆண்டுகள் போயின. 'தொடரலாம்' வாங்கிய முதல் தலைமுறை நன்றாகத் தேறி, மேடைக்கு வந்திருந்தது. அவர்களுக்காக அரசு மாவட்டத்துக்கொரு பெரிய அரங்கம் கட்டியது. நடிப்பிலும் பாட்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அரங்கங்கள் காலியாகக் கிடந்தன. முப்பதாம் வருடத்தில் நிரம்பி வழியும் கூட்டத்தை அல்லவா முன்காட்டி காட்டியது, இருபதைத் தாண்டியும் ஏன் இப்படி என்று மேலிடம் கேட்டது. விசாரிக்கும் பொறுப்பு இன்பராசுவிடம் வந்தது.

கருவியில் பிழை இல்லை. எனவே அவர் பழைய பதிவேட்டைப் பார்த்து, 'தவிர்க்கலாம்' வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். கடைசியாக எப்போது ஒரு நாடகமோ கச்சேரியோ பார்த்தீர்கள் என்று கேட்டார். பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. ஆத்தூரிலிருந்து ஒருவர், "பாக்க உக்காந்தா நெஞ்சுல ஏதோ அடைக்குதுங்க. அதான் போறதில்ல" என்றார். இன்பராசு எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அவர் வீட்டிலும் இருபத்திரண்டு வருடமாகப் பாட்டு ஒலித்ததில்லை. நேரமில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

ஒரு காலத்தில் கச்சேரிக்கு வந்து தாளம் போட்டவர்கள், தாங்களும் கொஞ்சம் பாடிப் பார்த்தவர்கள்தான். முன்காட்டி அவர்களைப் பாட்டிலிருந்து மட்டும் விலக்கவில்லை, கேட்பதிலிருந்தும் விலக்கிவிட்டது. ஊரின் ரசனையை எல்லாம் அளந்த கருவி, தான் வந்ததால் ஊர் மாறும் என்பதை அளக்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அம்மாப்பேட்டையில் கார்குழலியின் நாடகம் என்று கேள்விப்பட்டுப் போனார். பழைய நெசவுக் கூடம். வாசலில் பலகை: 'தவிர்க்கலாம் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு முன்வரிசை.' உள்ளே முன்வரிசை என்று ஒன்று தனியாக இல்லை. எல்லாரும் தரையில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நாடகம் முடிந்ததும், அதே காட்சியை நடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம் என்றாள் கார்குழலி. வரிசை வாசல் வரை நீண்டது. ஒருவர் சொதப்பினார், கூட்டம் கை தட்டியது. அவள் இளைத்திருந்தாள். மருத்துவமனையை விட்டபின் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. ஆனால் கூட்டத்தின் முன்னே எவ்வளவு இயல்பாக நின்றாள் என்று இன்பராசு வியந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அடையாளம் கண்டதும் பக்கத்தில் வந்தாள்.

"என்னங்க, நீங்களும் ஒரு தடவ ஏறிப் பாக்கறீங்களா?"

தனக்கு நடிக்க வராது என்றார். பிறகு, முன்பெல்லாம் கொஞ்சம் பாடுவேன் என்றார். அன்று பாடினார். சுருதி இரண்டு இடத்தில் விலகியது. யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாளே அறிக்கை அனுப்பினார். கருவியை நிறுத்திவிடுங்கள் என்றுதான் எழுதியிருந்தார். மேலிடம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது: கணக்கில் ஒரு குறை, திருத்தினால் போயிற்று. பொறியாளர்கள் ஆறு மாதம் உழைத்து, தன்னால் வரும் மாற்றத்தையும் சேர்த்துக் கணக்கிடும் புதிய முன்காட்டியை நிறுவினார்கள். இதைவிடத் துல்லியமான கருவி உலகில் இல்லை என்று அறிவித்தார்கள்.

முதல் நாள் பதினான்கு பேர் உட்கார்ந்தார்கள். பதினான்கு பேருக்கும் வெறும் நாற்காலிகள் தெரிந்தன. பதினான்கும் 'தவிர்க்கலாம்.' பொறியாளர்கள் ஓடி வந்து மூன்று நாள் சோதித்தும் பிழை அகப்படவில்லை. முன்காட்டி இருக்கும் ஊரில் எந்தக் கலைஞருக்கும் எதிர்காலம் கிடையாது என்று முன்காட்டியே கணித்திருந்தது.

நான்காம் நாள் வந்தவர்கள் நடையில் நின்று ஒருவர் சீட்டை மற்றவர் வாங்கிப் பார்த்தார்கள். நாட்டியத்தைத் தொழிலாக்க விரும்பி வந்திருந்த ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சார், எல்லாருக்கும் இதேதானா?"

"எல்லாருக்கும்தாம்மா."

அவள் முகம் தெளிந்தது. அந்த மாதம் 'தொடர்கிறேன்' கட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு குறிகள் விழுந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளில் முன்காட்டி 'தொடரலாம்' சொல்லி எந்த மாதமும் அத்தனை பேர் கலைக்குப் போனதில்லை.