ஆறாம் படுக்கையின் விசில்

மத்தியான ஷிஃப்டுக்கு நர்ஸ் வெஸி வந்தபோது ஸோம்பா நகரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை உதறி வைத்துவிட்டு தீவிர சிகிச்சை வார்டுக்குள் நுழைந்தாள். நாலாம் படுக்கையில் அவள் தங்கை உலேமு. பிரசவத்தில் வலிப்பு வந்து, காலையில்தான் தொண்டைக்குள் டியூப் போட்டிருந்தார்கள்.

டியூப் முனையில் ஒரு காற்றுப் பை உண்டு. அளவாக ஊதினால் மூச்சுக்குழாயில் கசிவில்லாமல் பொருந்தி நிற்கும். அதிகமாக ஊதினால் உள்சதை அழுகி, பிறகு மூச்சுக்குழாயே சுருங்கிப்போகும். அந்தப் பையோடு இணைந்து வெளியே தொங்கும் குட்டிப் பலூனைக் கிள்ளிப் பார்த்து "போதும்" என்று விடுவதுதான் இந்த வார்டின் லட்சணம். அளக்கிற கருவி இல்லாமலா? இருக்கிறதே, கண்ணாடி அலமாரியில், பூட்டோடு! கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் காட்டவேண்டுமாம்.

போன வருடம் வெஸி அப்படிக் கிள்ளிப் பார்த்த பெண் ஸியோனே. பிழைத்து வீட்டுக்கு நடந்தே போனாள். மூன்றே வாரத்தில் மூச்சு விசிலடிக்கத் திரும்பி வந்து, ஆறாம் படுக்கையில் செத்தாள்.

வெஸி உலேமுவின் பலூனைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது.

அப்போது கேட்டது. மெல்லிய விசில்.

"கேக்குதாம்மா?"

"மழைக் காத்துடி," என்றாள் மேட்ரன் நாகோண்ட்வே.

"அலமாரிச் சாவியக் குடுங்க. என் தங்கச்சிக்கு அளக்கணும்."

"தங்கச்சின்னதும் விரலு பத்தலையா? மத்தவங்க பிள்ளைக்கெல்லாம் பத்துச்சே!"

வெஸிக்குச் சுருக்கென்றது.

விசில் நெருங்கியது. காற்றுக்கு ஏங்கி ஏங்கி இழுக்கும் விசில். கூடவே சீழ் வாடை.

அலமாரிப் பூட்டு தானாகத் திறந்தது.

மேட்ரன் அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். வெஸி கருவியை எடுத்து உலேமுவின் பலூனில் மாட்டினாள். முப்பதைத் தாண்டக் கூடாத முள் தொண்ணூறில் நின்றது. அடப்பாவிகளா! இருபத்தைந்துக்கு இறக்கினாள். மற்ற படுக்கைகளிலும் ஒவ்வொன்றாக அளந்து இறக்கினாள்.

ஆறாம் படுக்கை மட்டும் காலி. விசில் அங்கிருந்துதான் வந்தது.

விரிப்பு நடுவில் குழிந்தது.

"ஸியோனே... மன்னிச்சிரும்மா. தெரியாமப் பண்ணிட்டேன்."

மூச்சு இழுபடும் சத்தத்துக்கு நடுவே ஒரு கிசுகிசுப்பு.

"எனக்காக சாவி கேக்கலையே, சிஸ்டர்."

கருவியின் குழாய் எதிலும் மாட்டாமல் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

முள் மட்டும் ஏறியது.

ஸியோனேக்கு அன்று அளக்காமல் விட்ட நூற்றிருபதில் போய் நின்றது. எவ்வளவு தட்டியும் இறங்கவில்லை.